கும்மிடிப்பூண்டி வெளிச்சத்துக்கு நடுவே ஒரு நெபுலா

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், கவரைப்பேட்டையைத் தாண்டும்போதே இரவு வானத்தின் நிறம் மாறத் தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள், ரோலிங் மில்கள், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் யார்டுகள் என்று எங்கு பார்த்தாலும் விளக்கு. பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும், ஆலைப் புகையும், சாலைத் தூசியும் அந்த வெளிச்சத்தை வாங்கி வானம் முழுக்கப் பரப்பி வைக்கின்றன. நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்படிப்பட்ட ஊரில் மொட்டை மாடியில் ஒரு டெலஸ்கோப் வைத்திருப்பவருக்கு நிலா, வியாழன், சனி ஆகிய மூன்றும்தான் துணை. இவை பிரகாசமானவை, தெருவிளக்கு வெளிச்சம் இவற்றை ஒன்றும் செய்துவிடாது. அதனால் அவர் முதலில் வாங்குவது ஒரு பிளானட்டரி கேமரா. கட்டைவிரல் நீளத்தில், கண்வைத்துப் பார்க்கும் லென்ஸின் இடத்தில் செருகிக்கொள்ளும் சின்னக் கேமரா. யு.எஸ்.பி. கேபிள் ஒன்று அதை லேப்டாப்போடு இணைக்கும்.

வியாழனின் பட்டைகளையும் சனியின் வளையத்தையும் எடுத்து முடித்த பிறகு அடுத்த ஆசை வரும். இதே கேமராவில் நெபுலா எடுக்க முடியுமா? நட்சத்திரக் கொத்து? இன்னும் தள்ளி இருக்கும் கேலக்ஸி?

கடையில் கேட்டாலும், அனுபவஸ்தர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதுக்கு வேற கேமரா வேணும் சார்." அந்த வேறு கேமராவின் விலை, பல வீடுகளில் ஒரு வருடப் பள்ளிக் கட்டணத்தைத் தாண்டிவிடும். ஆசை அத்தோடு அடங்கிவிடுகிறது.

அந்தப் பதில் பாதிதான் சரி. அதிலும் கும்மிடிப்பூண்டி போன்ற ஊரில் மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சம் பிடிக்கும்.

கோளுக்கு என்று தனியாக ஒரு கேமரா ஏன்?

வியாழன் பூமிக்கு மிக அருகில் வரும்போதுகூட, வானத்தில் அதன் அகலம் 50 ஆர்க் விநாடிதான். முழுநிலாவின் அகலத்தை 37 பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன உருவத்தைப் பிடிக்கப் பெரிய சென்சார் தேவையில்லை. பிளானட்டரி கேமராக்களில் பிரபலமான ஒரு சென்சாரின் அளவு 4.9 மில்லிமீட்டருக்கு 3.7 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

இதன் பலம் வேகம். ஒரு விநாடிக்கு 100 படங்களுக்கு மேல்கூட எடுக்கும். பூமியின் காற்று எப்போதும் அலைந்துகொண்டே இருக்கிறது. வெயில் நேரத்துத் தார்ச்சாலைக்கு மேலே காட்சி நெளிவதுபோல, டெலஸ்கோப்பில் வியாழனும் நெளியும். ஆயிரக்கணக்கில் படம் எடுத்தால், காற்று கண நேரம் அடங்கியபோது விழுந்த தெளிவான படங்கள் சில அதில் இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நல்ல படம் கிடைக்கும். இதற்கு 'லக்கி இமேஜிங்' என்று பெயர். இப்படி ஒரு தெளிவான படம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை 1978-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஃபிரைட் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நெபுலா, கேலக்ஸி போன்றவற்றை வானம் பார்ப்பவர்கள் 'டீப் ஸ்கை' பொருட்கள் என்பார்கள். தமிழில் ஆழ்வானப் பொருட்கள் என்று சொல்லலாம். இவற்றின் சங்கதியே வேறு. பெரும்பாலானவை மங்கலானவை, பல மிகப் பெரியவை. இவற்றுக்குப் பெரிய சென்சார் வேண்டும். சென்சார் சூடாகாமல் இருக்கக் குளிரூட்டி வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று திறந்து வைக்க வேண்டும். இதுதான் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த பாடம். பிளானட்டரி கேமராவில் பெரிய சென்சாரும் இல்லை, குளிரூட்டியும் இல்லை.

காருக்காகப் பிறந்த கண்

அந்தப் பாடத்தைக் கொஞ்சம் மாற்றி எழுத வைத்தது வானியல் அல்ல, வாகனத் தொழில். 2014 அக்டோபரில் சோனி நிறுவனம் ஐ.எம்.எக்ஸ். 224 என்ற சென்சாரை அறிவித்தது. காரில் பொருத்தும் கேமராக்களுக்காகச் செய்யப்பட்டது அது. தெருவிளக்கே இல்லாத சாலையில், ராத்திரியில், குறுக்கே வரும் ஆளை நிறத்தோடு பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கார்த் தொழிற்சாலை இயங்கும் திருவள்ளூருக்கு இந்தத் தேவை புரியாத ஒன்றல்ல.

இருட்டில் பார்க்கத் தெரிந்த கண் வானத்தையும் பார்க்கும் அல்லவா? அதே சென்சார் சீக்கிரமே பிளானட்டரி கேமராக்களுக்குள் வந்தது. அதன் பெரிய சிறப்பு, இரைச்சல் குறைவு என்பது.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு சின்னக் கிண்ணம். ஒளி விழ விழ அதில் எலெக்ட்ரான்கள் சேரும். படம் முடிந்ததும் கிண்ணத்தில் எத்தனை எலெக்ட்ரான் என்று எண்ண வேண்டும். எண்ணும்போது ஒவ்வொரு முறையும் சிறு பிழை வரும். இதுதான் 'ரீட் நாய்ஸ்'. பழைய சிசிடி கேமராக்கள் பலவற்றில் இந்தப் பிழை 8 எலெக்ட்ரான் அளவுக்கு இருந்தது. புதிய சென்சாரில் 'கெய்ன்' என்ற அளவை உயர்த்தி வைத்தால் அது 1 எலெக்ட்ரான் அளவுக்கு இறங்கிவிடும்.

எண்ணும்போதெல்லாம் 8 ரூபாய் தவறவிடும் காசாளரிடம் அடிக்கடி பணம் எண்ணக் கொடுக்க மாட்டார்கள். மாதம் ஒரு முறைதான் கொடுப்பார்கள். முன்பு பத்து நிமிடப் படம் எடுத்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். தவறே அதிகம் செய்யாத காசாளர் கிடைத்துவிட்டால், ஐந்து விநாடிக்கு ஒரு முறை எண்ணச் சொன்னாலும் பயமில்லை.

400 படம் சேர்ந்தால் ஒரு படம்

ஐந்து விநாடிப் படம் ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கறுப்புக்குப் பதில் சாம்பல், அதில் மணல் கொட்டியதுபோல் புள்ளிகள், நடுவே நெபுலா இருப்பதுபோல் ஒரு சந்தேகம்.

ஆனால் நெபுலா எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சலோ ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். எனவே படங்களை நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தி அடுக்கினால் உண்மை கெட்டிப்படும், இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். இதைத்தான் 'ஸ்டாக்கிங்' என்கிறார்கள். கணக்கு எளிது: 100 படம் அடுக்கினால் தெளிவு 10 மடங்கு, 400 படம் அடுக்கினால் 20 மடங்கு. படத்தின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு.

ஐந்து விநாடிப் படம் 400 என்றால் மொத்தம் 33 நிமிடம். கணினியில் பிடிக்கும் இடம் ஒரு ஜி.பி. அளவு. ஒரு சினிமாவின் பாதி நேரத்தில் முடிகிற வேலை.

குறுகிய படத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. பத்து நிமிடப் படத்துக்கு டெலஸ்கோப் பூமியின் சுழற்சியை ஈடுகட்டி, துளியும் பிசகாமல் நட்சத்திரத்தைத் தொடர வேண்டும். அதற்கான கனமான தாங்கியின் விலை, சில சமயம் டெலஸ்கோப்பையே மிஞ்சும். ஐந்து விநாடிக்குச் சாதாரண மோட்டார் தாங்கி போதும். நடுவில் ஒரு கனரக லாரி போய் மாடி அதிர்ந்தாலும், விமானம் குறுக்கே பறந்தாலும், கெட்டது ஐந்து விநாடி மட்டுமே. அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை அடுக்கலாம்.

மேளச் சத்தத்தில் ஃபேன் சத்தம்

இனிதான் கும்மிடிப்பூண்டிக்கு உரிய விஷயம் வருகிறது.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சீலிங் ஃபேன் கிறீச்சிட்டால் எரிச்சல் வரும். அதே ஃபேன் கல்யாண மண்டபத்தில், கெட்டிமேளம் ஒலிக்கும்போது கிறீச்சிட்டால் யாருக்குக் கேட்கும்? கேமராவின் ரீட் நாய்ஸ் அந்த ஃபேன் சத்தம். வானத்தின் வெளிச்சம்தான் மேளச் சத்தம்.

ஒரு கணக்குக்காக, வெளிச்சமான ஊரில் ஒரு பிக்சலில் விநாடிக்கு 10 எலெக்ட்ரான் வானத்து வெளிச்சத்தால் மட்டும் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து விநாடியில் 50. அந்த 50 உண்டாக்கும் தடுமாற்றம் சுமார் 7 எலெக்ட்ரான். இதோடு கேமராவின் 1 எலெக்ட்ரான் பிழை சேர்ந்தால் மொத்தத் தடுமாற்றம் கூடுவது ஒரு சதவிகிதம்தான். கேமரா இருப்பதே தெரியாது. அதே இடத்தில் 8 எலெக்ட்ரான் பிழையுள்ள பழைய கேமரா இருந்தால் தடுமாற்றம் பாதிக்குப் பாதி கூடிவிடும்.

இப்போது இருட்டான மலை ஒன்றில், விநாடிக்கு 0.3 எலெக்ட்ரான்தான் வானத்திலிருந்து வருகிறது என்று வைப்போம். ஐந்து விநாடியில் 1.5. அங்கே கேமராவின் 1 எலெக்ட்ரான் பிழை, மொத்தத் தடுமாற்றத்தை ஏறக்குறைய 30 சதவிகிதம் கூட்டிவிடும். அமைதியான வீட்டில் ஃபேன் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

அதாவது, ஐந்து விநாடிப் படம் எடுப்பதால் வரும் நஷ்டம் இருட்டான ஊர்க்காரருக்குத்தான் அதிகம். வெளிச்சமான ஊர்க்காரர் பத்து நிமிடம் திறந்து வைத்தாலும், ஐந்து விநாடியாக வெட்டி வெட்டி எடுத்தாலும், மொத்த நேரம் ஒன்றாக இருந்தால் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிப்காட் பக்கத்து மாடியில் படத்தைக் கெடுப்பது கையில் இருக்கும் சின்னக் கேமரா அல்ல. அதனால் அங்கே விலை உயர்ந்த கேமராவுக்கு மாறினால், பெரிய சென்சாரும் குளிரூட்டியும் கிடைக்கும். வானம் மட்டும் அதேதான்.

பெரிய இடத்திலும் இதே வழி

இது வசதி இல்லாதவர்களின் ஒட்டுவேலை என்று நினைக்க வேண்டியதில்லை. ஹபிள் விண்வெளி டெலஸ்கோப்பில் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பொருத்திய கேமராவின் பெயரே 'வைடு ஃபீல்டு அண்ட் பிளானட்டரி கேமரா 2'. கோள்களின் பெயரைத் தாங்கிய அந்தக் கேமராதான் 1995 டிசம்பரில் பத்து நாட்கள், வெறுமையாகத் தெரிந்த ஒரு சின்ன வானத் துண்டை வெறித்துப் பார்த்தது. எடுத்த படங்கள் 342. அவற்றை அடுக்கியபோது சுமார் 3,000 கேலக்ஸிகள் தெரிந்தன. 'ஹபிள் டீப் ஃபீல்டு' என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட படம் அது.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று, பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கியது. 2015 செப்டம்பர் 28 அன்று அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட், இந்தியாவின் முதல் விண்வெளி ஆய்வுக்கூடமான ஆஸ்ட்ரோசாட்டைச் சுமந்து கிளம்பியது. அதில் இருந்த யூவிஐடி என்ற புற ஊதா டெலஸ்கோப், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவானது. அது படம் எடுக்கும் முறையைக் கேட்டால் பிளானட்டரி கேமராக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். விநாடிக்குச் சுமார் 29 முறை சென்சாரைப் படித்து அனுப்பும்; செயற்கைக்கோள் லேசாக ஆடியதையெல்லாம் கணினியில் சரிசெய்து, தரையில் உட்கார்ந்து அடுக்குவார்கள். குறுகிய படம், பொருத்தல், அடுக்கல். மாடியில் நடக்கும் அதே வேலைதான்.

2016 அக்டோபரில் அது 28 மணி நேரத்துக்கும் மேல் ஒரே இடத்தைப் பார்த்தது. புனேயில் உள்ள ஐயூகா நிறுவனத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு அந்தப் பதிவுகளை ஆராய்ந்து, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸியிலிருந்து வந்த மிகை புற ஊதா ஒளியைக் கண்டுபிடித்தது. 2020 ஆகஸ்டில் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் அது வெளியானது. ஹபிளின் கண்ணாடி 2.4 மீட்டர், யூவிஐடி-யின் கண்ணாடி வெறும் 37.5 சென்டிமீட்டர். சின்னது எப்படி ஜெயித்தது? யூவிஐடி சென்சாரின் பின்னணி இரைச்சல் ஹபிளில் இருப்பதைவிட மிகக் குறைவு என்பதுதான் விஞ்ஞானிகள் சொன்ன காரணம்.

மாடியிலிருந்து எதை எடுக்கலாம்?

சின்ன சென்சாருக்குச் சின்னப் பொருள்தான் பொருத்தம். பலரிடம் இருப்பது 130 மில்லிமீட்டர் விட்டமும் 650 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட டெலஸ்கோப். அதில் மேலே சொன்ன சென்சாரைப் பொருத்தினால் முழுநிலாகூட உள்ளே அடங்காது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நான்கு நிலா அகலம்; ஆண்ட்ரோமெடா கேலக்ஸி ஆறு நிலா அகலம். இரண்டையும் விட்டுவிட வேண்டியதுதான்.

பிளானட்டரி கேமராவுக்கு என்றே அளவெடுத்ததுபோல் இருப்பவை 'பிளானட்டரி நெபுலா'க்கள். கோள்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வயதான நட்சத்திரம் உதறித் தள்ளிய வாயுக் கூடுகள் இவை. டெலஸ்கோப்பில் கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால் 18-ம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

லைரா மண்டலத்தில் இருக்கும் எம் 57 என்ற வளைய நெபுலா, சுமார் 2,500 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. வானத்தில் அதன் அகலம், வியாழன் பெரிதாகத் தெரியும்போது இருக்கும் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதே டெலஸ்கோப்பில் 70 பிக்சல் அகலத்துக்கு, நடுவில் துளையுடன் கூடிய மெதுவடைபோல் விழும். மே, ஜூன் மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகு உச்சிக்கு வரும். இரண்டாம் ஷிப்ட் முடித்து வீடு திரும்புபவருக்கு வசதியான நேரம்.

ஹைட்ரா மண்டலத்தில் உள்ள என்.ஜி.சி. 3242-க்கு 'வியாழனின் ஆவி' என்றே செல்லப்பெயர். கிட்டத்தட்ட வியாழன் அளவுதான் தெரியும். ஏப்ரல் நடுவில் இரவு 9 மணிக்கு எட்டிப் பிடிக்கலாம். ஹெர்குலிஸ் மண்டலத்தின் எம் 13, சில லட்சம் நட்சத்திரங்கள் அடைந்து கிடக்கும் உருண்டைக் கொத்து. ஜூன் தொடக்கத்தில் நள்ளிரவில் உயரமாக நிற்கும்.

முதல் முயற்சிக்கு எல்லாவற்றையும்விட நல்லது வேட்டைக்காரன் மண்டலத்தின் எம் 42. திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் அதே மண்டலம். மூன்று நட்சத்திர இடுப்புப் பட்டைக்குக் கீழே வாள்போல் தொங்கும் இடத்தில் இருக்கிறது. பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில் உச்சிக்கு அருகே வரும். நெபுலா முழுவதும் அடங்காவிட்டாலும், நடுப்பகுதி நன்றாக வரும். நீண்ட நேரப் படங்களில் அந்த நடுப்பகுதி வெளுத்துப்போய்விடும். குறுகிய படத்தில் அங்குள்ள நான்கு இளம் நட்சத்திரங்களும் தனித்தனியாகத் தெரியும்.

திசையும் முக்கியம். கும்மிடிப்பூண்டிக்குச் சென்னையின் வெளிச்சம் தெற்கே இருக்கிறது. தமிழ்நாட்டுக்கே கிடைத்த வரம் என்று சொல்லத்தக்க ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, அங்கே தென்வானில் 29 டிகிரி உயரம் வரைதான் ஏறும். நேராகச் சென்னையின் ஒளிமூட்டத்துக்கு மேலே. அதனால் தலைக்கு மேலேயும் வடக்கேயும் இருப்பவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. திருவள்ளூர் நகரத்துக்குச் சென்னை கிழக்கே. அங்கே இருப்பவர்கள் பொருள் உச்சி தாண்டி மேற்கே பூண்டி நீர்த்தேக்கப் பக்கம் சாயும்வரை காத்திருக்கலாம்.

எப்படி எடுப்பது?

சின்ன சென்சாரில் பொருளைக் கண்டுபிடிப்பதுதான் முதல் தலைவலி. பகலிலேயே தூரத்துச் செல்போன் டவரின் உச்சியைப் பார்த்து, டெலஸ்கோப்பும் மேலே இருக்கும் சின்னப் பார்வைக் குழலும் ஒரே புள்ளியைக் காட்டுமாறு சரிசெய்துகொள்ள வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு அங்கிருந்து நகரலாம். 'ஃபோக்கல் ரெட்யூசர்' என்ற சின்ன லென்ஸ் ஒன்றைக் கேமராவின் முன் திருகினால் பரப்பளவு கூடும்.

படத்தை வீடியோவாக அல்லாமல், சுருக்கப்படாத 'ரா' வடிவத்தில் சேமிக்க வேண்டும். இரண்டு முதல் ஐந்து விநாடி, உயர்ந்த கெய்ன் என்று தொடங்கலாம். நட்சத்திரங்கள் கோடாக இழுத்தால் நேரத்தைக் குறைக்கலாம். இந்த வகை சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுவதால், நிறம் சரியாக வர 'ஐ.ஆர். கட்' ஃபில்டர் தேவைப்படும்.

குளிரூட்டி இல்லாத குறைதான் திருவள்ளூர் மாவட்டத்து வெக்கையில் அதிகம் படுத்தும். சென்சார் சூடாக இருந்தால் சில பிக்சல்கள் ஒளி இல்லாமலே எரியும். ஓரத்தில் ஒரு பளபளப்பும் வரும். இதற்கு மருந்து 'டார்க் ஃப்ரேம்'. படம் எடுத்து முடித்த கையோடு, டெலஸ்கோப்பை மூடிபோட்டு மூடி, அதே விநாடி, அதே கெய்னில் 50 படம் எடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தால் வெப்பநிலை மாறியிருக்கும், பலன் குறையும். நடுநடுவே டெலஸ்கோப்பைத் துளி நகர்த்திவிட்டு எடுப்பதும், எரியும் பிக்சல்கள் ஒரே இடத்தில் தங்காமலிருக்க உதவும்.

அடுக்குவதற்குப் பணம் தேவையில்லை. டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவச மென்பொருட்கள். ஷார்ப்கேப் போன்றவற்றில் 'லைவ் ஸ்டாக்கிங்' வசதி உண்டு. படம் வர வர அடுக்கிக்கொண்டே போகும். முதல் படத்தில் வெறும் மணல்; இருபதாவதில் ஒரு கறை; நூறாவதில் வளையம். வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட, இதைவிட நல்ல காட்சி கிடையாது.

கேமராவால் முடியாதது

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கசப்பான கணக்கையும் சொல்லியாக வேண்டும். மேளச் சத்தத்தில் ஃபேன் சத்தம் கேட்காது என்பது உண்மை. ஆனால் மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரின் ரகசியமும் கேட்காது. வானத்து வெளிச்சம் எத்தனை மடங்கோ, மங்கலான பொருளை அதே தெளிவோடு எடுக்க அத்தனை மடங்கு நேரம் வேண்டும். முன்பு எடுத்துக்கொண்ட உதாரணத்தில் 0.3-க்கு 10 என்றால், ஏறக்குறைய 33 மடங்கு. இருட்டு மலையில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு, வெளிச்ச ஊரில் 33 மணி நேரம். பிளானட்டரி நெபுலாக்களும் எம் 42-ம் பிரகாசமானவை என்பதால் தப்பித்துக்கொள்கின்றன. மங்கலான கேலக்ஸிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஃபில்டர் போட்டுத் தப்பிக்கலாமா? மஞ்சள் சோடியம் விளக்குக் காலத்தில் ஓரளவு முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் ஒளிர்வதால் அந்தப் பழைய ஃபில்டர்கள் தடுமாறுகின்றன. வாயு நெபுலாவின் குறிப்பிட்ட நிறங்களை மட்டும் விடும் புதிய ஃபில்டர்கள் நெபுலாவுக்கு உதவும், கேலக்ஸிக்கு உதவாது.

இந்தப் பகுதி எதை இழந்திருக்கிறது என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்டது மெட்ராஸ் வானாய்வகம். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் தென் அடிவானத்துக்கு மேல் 14 டிகிரிதான் ஏறும். அவ்வளவு தாழ்வான வானம்கூட நுங்கம்பாக்கத்தில் அன்று தெளிவாக இருந்தது. நூறு ஆண்டு கழித்து 1960-களில் வைனு பாப்பு புது வானாய்வகத்துக்கு இடம் தேடியபோது, நகர வெளிச்சத்தை விட்டு விலகி ஜவ்வாது மலையின் காவலூருக்குப் போக வேண்டியிருந்தது.

ஆலையை மூடிவிட்டு நட்சத்திரம் பார்க்க முடியாது. இரவு ஷிப்டில் வேலை செய்பவருக்குக் கையும் காலும் பத்திரமாக இருக்க நல்ல வெளிச்சம் வேண்டும். லாரி ஓட்டுநருக்கும் வேண்டும். ஆனால் அந்த வெளிச்சம் தரையில் விழ வேண்டியது. பக்கவாட்டிலும் மேலேயும் போகும் ஒளி யாருடைய காலுக்கும் வழிகாட்டுவதில்லை. மின்கட்டணத்தில் அதற்கும் சேர்த்துத்தான் பணம் போகிறது. தொழிலாளர் குடியிருப்பின் ஜன்னல் வழியே புகுந்து, பகல் ஷிப்ட்காரரின் தூக்கத்தையும் கெடுக்கிறது. கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், கடலின் மினுமினுப்பு என்று நினைத்து ஊர் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துபோவதும் இதனால்தான்.

மேல்நோக்கி அகலத் திறந்திருக்கும் ஃபோகஸ் விளக்கைக் கீழே சாய்ப்பதற்கு ஒரு ஸ்பானர் போதும். விளக்குக்கு மேல் ஒரு தகர மறைப்பு வைப்பது, கும்மிடிப்பூண்டியில் எந்த ஃபேப்ரிகேஷன் பட்டறையிலும் அரைமணி நேர வேலை. ஆள் நடமாட்டம் இல்லாத யார்டில் சென்சார் வைத்த விளக்கு போடலாம். புதுக் கேமரா ஒருவர் மாடிக்கு மட்டும்தான் பலன் தரும். சரியாகத் திருப்பிய விளக்கு, அந்தத் தெருவில் இருக்கும் எல்லா மாடிக்கும் தரும்.

அதுவரை கையில் இருக்கும் சின்னக் கேமரா சும்மா இருக்க வேண்டியதில்லை. போகிப் புகை அடங்கி, தை மாதத்து மூடுபனி விலகும் முதல் இரவில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, வேட்டைக்காரனின் வாள் பக்கம் திருப்பி வைத்து 400 படம் எடுத்துப் பார்க்கலாம். முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிடக் கூடாது.